கொடி விரியும் முன்பே

பாய்,

இன்று சுதந்திர தினம். காலையில் பீரோவின் மேல்தட்டிலிருந்து கொடிக் கயிற்றை எடுத்தேன். மெழுகும் பருத்தியும் கலந்த உங்கள் கடை வாசனை இன்னும் அதில் இருக்கிறது. போத்தனூரில் கயிறு விற்ற நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. வருடம் தவறாமல் நம் தெருக் கொடிக்கு முடிச்சுப் போட்டவர், அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டா போவது?

உங்கள் முடிச்சு காற்றுக்கு அவிழாது. ஒரே இழுப்புக்கு அவிழ்ந்து பூவைக் கொட்டும். போட்டு முடித்ததும், கொடி மேலே ஏறும் முன்பே கண்ணை மூடிக்கொள்வீர்கள். "இந்த நாட்டுக்கு விடுதலை கொடுத்தே, இத்தன வருசம் காத்தே, அல்ஹம்துலில்லாஹ்."

"கொடி விரியட்டும் பாய், அப்புறம் நன்றி சொல்லலாம்" என்று கிண்டல் செய்வேன்.

"விரிஞ்ச பொறவு எல்லாருந்தான் சொல்லுவாங்க. இப்பச் சொல்லோணுமுங்ணா."

எங்கள் வீட்டு வழக்கம் வேறு. மருதமலை முருகனிடம் வேண்டிக்கொள்வேன். காரியம் நடந்த பிறகுதான் மலையேறி மொட்டை போடுவேன். முருகனும் இதுவரை குறை சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் எல்லையில் சண்டை மூண்டபோது, ராணுவ நர்ஸான என் மகள் அங்கேதான் இருந்தாள். ஒன்பது நாள் போன் இல்லை. வெற்றி என்று டி.வி.யில் சொன்னதும் தெருவே பட்டாசு வெடித்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். நீங்கள்தான் உள்ளே வந்து, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கையேந்தினீர்கள். "நாட்டை ஜெயிக்க வெச்சதுக்கு நன்றி. அம்மணியப் பத்திரமா வெச்சிருக்கறதுக்கும் நன்றி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இருக்கறாளா இல்லையான்னே தெரியலீங்க, எதுக்குங்க நன்றி? பெத்திருந்தாத்தான உங்களுக்குத் தெரியும்!" என்று கத்தினேன்.

குழந்தையில்லாத உங்களைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து போகவில்லை. சாயங்காலம் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தீர்கள். மறுநாள் அவள் பேசினாள். நான் போய் மொட்டை போட்டேன். உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இப்போது மறுபடியும் சண்டை, மறுபடியும் அவள் அங்கே. பன்னிரண்டு நாளாகப் போன் இல்லை. முந்தாநாள் வெற்றிச் செய்தி வந்தது, தெருவும் பட்டாசு வெடித்தது. பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. அவள் அம்மாவும் போய், நீங்களும் போன பிறகு, மனுஷக் குரல் கேட்க வேண்டுமென்றே டி.வி.யை ஓடவிடுகிறேன். உங்கள் நாற்காலியை வாசலில் போட்டுவைத்தேன். பூனை வந்து படுத்துக்கொண்டது.

நேற்றுக் காலை மருதமலைக்குப் பஸ் ஏறினேன்.

"வேண்டுதல் நெறவேறிடுச்சுங்களா?" என்று கேட்டார் முடி எடுப்பவர்.

"ஆச்சுங்க" என்றேன். சாமி முன்னால் பொய் சொல்கிறோமோ என்று பயமாக இருந்தது. அவர் தண்ணீர் தெளித்துத் தலையைக் குனியச் சொன்னார். குனிந்த பிறகு அழுதுவிட்டேன்.

இன்று முடிச்சை நானே போட்டேன். கண்ணை மூடி, நாட்டுக்கும் அவளுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். முதல் இழுப்பில் அவிழவில்லை, இரண்டாவதிலும் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். மூன்றாவதில் அவிழ்ந்து, பூவெல்லாம் என் மொட்டைத் தலையில் விழுந்தது.

பக்கத்து வீட்டு அம்மா முகமெல்லாம் மலர ஓடி வந்தார். "ஏனுங்க, மொட்ட போட்டுட்டீங்களே! அம்மணி போன் பண்ணிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பூனையை எழுப்பிவிட்டு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் மடியில் இருக்கிறது. அன்று பேசியதை மன்னித்துவிடுங்கள், பாய். 'அவள் பேசினால்' என்று எழுதினேன், அதை அடித்துவிட்டேன். அவள் பேசும்போது, நான் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.