ஏசி அறை இருமல்

மே 4

காலையிலேயே அனல். மலருக்கு விடியும்வரை இருமல். மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகிறது. நாலு வயதுப் பிள்ளை. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மாஸ்க் வைத்து மருந்துப் புகை. திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நீ மில்லுல இருந்து சேலையில பஞ்சைச் சுமந்துட்டு வாரே. அதை மோந்துதான் பிள்ளைக்கு மூச்சு இளைக்குது."

நான் இருப்பது மில் லேபில். நூலின் பலம் பார்க்கிற வேலை. கண்ணாடி அறை, பஞ்சு பறக்காது. எத்தனை தடவை சொல்வது. வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் சேலை மாற்றி, தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுகிறேன். அதுவும் போதாதாம்.

மே 9

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. மேனேஜர், "நல்லா யோசிச்சுக்கோங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரருடைய அக்கா நேற்று போனில், "பிள்ளையா வேலையா, நீயே சொல்லு" என்றார்.

மில் வாசலிலிருந்து கடைசி தடவையாக அந்த டவுன் பஸ். அழவில்லை. வாங்க வேண்டியது: தேன், சோப்பு, மலருக்குப் பெட்டிக்கோட்.

மே 16

வேலையை விட்டும் இருமல் நிற்கவில்லை. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. இப்போது பழி தயிர் மேல்.

போன வருஷம் ஏசி மாட்டியதிலிருந்து படுக்கையறை ஜன்னலுக்கு டேப் ஒட்டி வைத்திருக்கிறார். குளிர் வெளியே போய்விடுமாம். ஸ்விட்சைப் போட்டதும் நனைந்த சாக்கு நாற்றம்.

"ஏங்க, ஒருக்கா ஆளை வரச் சொல்லிக் கழுவுவமா?"

"குளிரு வருதுல்ல? அப்புறம் என்னத்தக் கழுவ?"

மே 23, நரிக்குடி

அம்மா வீடு. கோயில் பொங்கல். ஃபேன் மட்டும்தான், ஒரே வேர்வை. மலர் ஆட்டுக்குட்டி பின்னாலேயே ஓட்டம். வந்ததிலிருந்து இருமவே இல்லை. அம்மா கேட்கிறாள்: "ஏடி, பிள்ளை நல்லாத்தானே இருக்கா. என்னமோ இளைப்புன்னே?"

ஏசியின் அந்தச் சாக்கு நாற்றம் ஞாபகம் வந்தது.

மே 27

வீட்டுக்கு வந்து அந்த அறையில் ஒரே ஒரு ராத்திரி. மறுபடி இளைப்பு.

இவர் கடைக்குப் போனதும் மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஏசியின் முன்மூடியைத் திறந்தேன். உள்ளே காற்றைத் தள்ளுகிற உருளை முழுக்கக் கறுப்பு. பூஞ்சை. துணியால் துடைத்தால் ஈரக் கரி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. போட்டோ எடுத்துப் போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"இதுல வர்ற காத்தைத்தான் பிள்ளை சுவாசிச்சுதா? இளைப்பைக் கிளப்ப இது போதும்மா. சுத்தம் பண்ற வரைக்கும் அங்க படுக்க வைக்காதீங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. மருந்தை மட்டும் நிறுத்திராதீங்க."

இவரிடம் சொல்லிப் போட்டோவைக் காட்டினேன். "எல்லா வீட்டுலயும் இப்படித்தேன் இருக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். டேப்பை நானே கிழித்தேன். நகம் போனது.

ஜூன் 8

நானே வரச் சொன்ன ஆள் வந்து ஏசியைக் கழுவினார். கொல்லை வரைக்கும் கறுப்புத் தண்ணீர். மலர் ஹாலில் என்னோடு படுக்கிறாள். இருமல் அநேகமாக இல்லை. தூங்கும்போது அவள் நெஞ்சில் காது வைத்துப் பார்க்கிறேன். இளைப்பின் விசில் சத்தம் இல்லை.

மில்லுக்குப் போன் செய்தேன். "அந்த இடத்துக்கு வேற பொண்ணைப் போட்டாச்சேம்மா" என்றார் மேனேஜர். பரவாயில்லை சார் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன்?

ஜூன் 15

மேகம் கூடிவிட்டு அப்படியே கலைந்துபோனது. இவருடைய அக்கா வந்திருந்தார். மலர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடுகிறாள்.

"பிள்ளை தெளிஞ்சுட்டாளே!"

இவர் காபியை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்: "பின்னே? இவ மில்லை விட்டா, பிள்ளைக்கும் சரியாப் போச்சு."

நான் அங்கேதான் நிற்கிறேன். "ஏசியைக் கழுவினதுனால" என்றேன். இரண்டு பேரும் மலரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று காலித் தம்ளரை நீட்டினார்.

வாங்கிக் கழுவி வைத்தேன்.