இருபத்திநாலு, நாப்பத்திரெண்டு

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மேகலாவுக்கு அம்மா எழுதறது. இங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல, மூச்சு விட்டுட்டு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்ல நல்லா இருக்கீங்கன்னு உன் வீடியோவைப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டேன். போன்ல பேசாம இன்னாத்துக்கு லெட்டர்னு கேப்ப. போன்ல நீ என்னைப் பேச விடமாட்ட, சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வெச்சிடுவ, லெட்டருக்கு நடுவுல நீ பேச முடியாது, அதான். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு, வேலூர்ல குடுத்த மாத்திரை முட்டியை விட்டுட்டு வயித்தைப் புடிச்சிக்கிச்சு. பக்கத்து வீட்டு வஜீதா பெரிய பொண்ணுக்கு நிக்காஹ் முடிஞ்சுது, பிரியாணி குடுத்தனுப்பினா, சுகர்னு ரெண்டு வாயோட நிறுத்திட்டேன். மாப்பிள்ளைக்கு அல்சர் இருக்குன்ன, வெறும் வயித்துல டீ குடிக்க விடாத.

உன் வீடியோவை வஜீதாதான் முதல்ல காட்டினா. அம்பிகாக்கா, உன் பொண்ணு உன்னைப் பத்திப் பேசுதுன்னு போனைத் தூக்கிட்டு ஓடி வந்தா. நீ பச்சைப் புடவையில மைக் புடிச்சிட்டு நின்னு, சின்னப் பசங்களுக்கு ரெண்டு இலக்க எண்ணை விளையாட்டாவே சொல்லிக் குடுக்கணும், பயந்த புள்ளைக்கு எண்ணு மண்டையில ஏறாதுன்னு பேசற. எங்கம்மா ஷூ கம்பெனில வேலை செஞ்சாங்க, மரத்துல செஞ்ச அழகான கால்களை முற்றத்துல பரப்பி வெச்சு எனக்கும் அண்ணனுக்கும் எண் சொல்லிக் குடுத்தாங்க, அந்த விளையாட்டாலதான் நான் இன்னிக்கு டீச்சர்ங்கற. எல்லாரும் கை தட்டறாங்க, நீ கண்ணைத் துடைச்சிக்கிற. பாத்துட்டு நானும்தான் அழுதேன். ஆனா மேகலா, அது மரம் இல்ல, பிளாஸ்டிக்கு. ஷூ தைக்கறப்ப உள்ள வெக்கற கால் கட்டை, ஓரம் உடைஞ்சு கம்பெனில தூக்கிப் போட்டது, வாட்ச்மேன் அதாவுல்லா பாய்கிட்ட கேட்டு மூட்டையில கொண்டாந்தேன். முற்றமும் நமக்கு ஏது, கக்கூஸுக்குப் போற சந்து அது. போவட்டும், மேடையில சந்துன்னு சொன்னா நல்லா இருக்காதுதான்.

விளையாட்டைச் சரியாத்தான் சொன்ன. ஒவ்வொரு கட்டையிலயும் சைஸ் நம்பர் அடிச்சிருக்கும், குழந்தை சைஸு இருபதைத் தாண்டி ஆரம்பிக்கும், ஆம்பள சைஸு நாப்பத்தஞ்சு வரைக்கும் போவும். நான் நம்பரைக் கூவுவேன், நீங்க ரெண்டு பேரும் ஓடிப்போய்த் தேடி எடுத்துட்டு வந்து, அந்த நம்பரைச் சிலேட்டுல எழுதணும். இருபத்திநாலு குழந்தை கால், நாப்பத்திரெண்டு ஆம்பள கால், அதே ரெண்டும் அதே நாலும்தான், ஆனா எது முன்னாடி நிக்குதோ அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தின்னு புள்ளைங்க கைக்கே தெரிஞ்சிடும். நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு, எவளும் எனக்குச் சொல்லித் தரல, நானா யோசிச்சுக் கண்டுபுடிச்சது. அதுல எனக்கு இன்னிக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்லமாட்டேன்.

ஆனா நீ பாதியைத்தான் சொன்ன. மீதிப் பாதியை வேணும்னே முழுங்கினியா, நிஜமாவே மறந்துட்டியான்னு தெரிஞ்சிக்கத்தான் இந்த மூணு வாரத்துல அந்த வீடியோவை இன்னும் நாலு தடவை போடச் சொல்லிப் பாத்தேன், வஜீதாவுக்கே பேஜாரா போச்சு. மறந்துட்டடி, உன் மூஞ்சியில தெரியுது. நான் மறக்கல, நினைச்சுப் பாக்காம இருந்தேன், அவ்வளவுதான். சரியா எடுத்தவங்க தப்பா எடுத்தவங்க தலையில குட்டணும், அதான் அந்த மீதிப் பாதி. என் டீச்சர் எங்களுக்குப் பண்ணதுதான், அன்னிக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல இல்ல. உனக்கு அப்ப அஞ்சு வயசு, உங்கண்ணன் கன்னியப்பனுக்கு எட்டு. நீ ஒரு தடவை கூட தப்பா எடுத்ததில்ல. அவன் நாப்பத்திரெண்டுன்னா இருபத்திநாலைத் தூக்கிட்டு வந்து நிப்பான், கண்ணை மூடிட்டுத் தடவினாலே தெரியும் எது குழந்தை கால்னு, அந்த எருமைக்குத் தெரியாது. உனக்கு அவன் தலை எட்டாது. அதனால முட்டி போடுடான்னு சொல்வேன், போடுவான், நீ குட்டுவ. மெதுவாக் குட்டினா ஒத்துக்கமாட்டேன், சத்தம் கேக்கணும்னு சொல்வேன். கொஞ்ச நாள்ல நான் சொல்ல வேண்டிய வேலையே இல்லாம போச்சு, கட்டையைக் கீழ வெச்சிட்டு என் மூஞ்சியைக் கூட பாக்காம அவனே முட்டி போட்டுடுவான். ஒரு நாள் சரியான கட்டையையே எடுத்துட்டு வந்துட்டு முட்டி போட்டான். நாம ரெண்டு பேரும் அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம், வஜீதாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். உங்கப்பா மட்டும் போதும் விடு அம்பிகான்னாரு. அப்ப நீங்க உக்காந்து சொல்லிக் குடுங்கன்னேன், துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வெளிய போய்ட்டாரு.

அவன் ஒன்பதாவதோட நின்னதும், தோல் ஷாப்புல தோல் ஊற வெக்கற டிரம்மு பக்கம் கெமிக்கல் ஏறின நீலக் கையோட நிக்கறதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒண்ணு, நாலு வருசம் முன்னாடி அவனைத் தோலு அளக்கற எடத்துக்கு மாத்தறேன்னாங்க, நிழல்ல வேலை, கெமிக்கல்ல கை வெக்க வேணாம். ஒவ்வொரு தோலுக்கும் அளவு பாத்து நோட்டுல நம்பர் எழுதணும்னதும் வேணாம்னு வந்துட்டான். சோம்பேறின்னு நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் வீடியோவை நம்ம தெருப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் துரைசாமி சார் பாத்துட்டு வீட்டுக்கே வந்துட்டாரு, உங்க விளையாட்டை எங்க ரெண்டாங்கிளாஸ் பசங்களுக்கு நீங்களே வந்து காட்டணும்னாரு. எனக்குத் தலைகால் புரியல. அதாவுல்லா பாய் மகனைப் புடிச்சு இருபது கட்டை வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, நம்பர் மேல கருப்பு மையால எழுதி எடுத்துட்டுப் போனேன். சால்வை போத்தினாங்க. கன்னியப்பன் பொண்ணு லித்திகா அந்தக் கிளாஸுதான், என் புடவையைப் புடிச்சிட்டு, எங்க ஆயா, மஸ்கட் வீடியோல வர்றவங்கன்னு ஒவ்வொரு புள்ளையா இழுத்துட்டு வந்து காட்டுச்சு. பசங்க ரெண்டு ரெண்டு பேரா ஓடினாங்க, கட்டையைக் காலோட வெச்சுப் பாத்துச் சிரிச்சாங்க, பின்னாடி இருந்த ஒரு வாயில்லாப் புள்ள கூட முப்பத்தஞ்சுன்னு கத்திச்சு. உண்மையைச் சொல்றேன், என் வாழ்க்கையில அப்படி ஒரு அரை மணி நேரம் இருந்ததில்ல.

கடைசியா லித்திகாவும் நம்ம தெரு சமீருல்லா பொண்ணு மெஹக்கும். நாப்பத்திரெண்டுன்னு கூவினேன். மெஹக் கரெக்டா எடுத்துட்டு வந்துச்சு. நம்ம புள்ள இருபத்திநாலை மார்ல அணைச்சுட்டு வந்து என் முன்னாடி சிரிச்சிட்டு நிக்குது. அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்குன்னு ஆத்திரம் வந்துச்சு எனக்கு, ஹெட்மாஸ்டர் எதிர்ல, சால்வையும் அதுவுமா. மத்த புள்ளைங்க தப்பா எடுத்தப்ப எல்லாம் பரவால்ல கண்ணு, இன்னொரு தடவை தேடுன்னு சொன்ன அதே வாய், முட்டி போடுடின்னு சொல்லிச்சு. அது விளையாட்டுன்னு நினைச்சுப் போட்டுச்சு. குட்டு அவளைன்னு மெஹக்கைப் பாத்துச் சொன்னேன். அந்தப் புள்ள டீச்சரைப் பாத்துச்சு, அப்புறம் பட்டும் படாம தொட்டுச்சு. நான் சொன்னேன், "சத்தம் கேக்கணும்." தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க, என் பழக்கத்தை நான் தூக்கிட்டே சுத்தியிருக்கேன். துரைசாமி சார் வேணாம்மான்னு கையைத் தூக்கறதுக்குள்ள சத்தம் கேட்டுடுச்சு.

பள்ளிக்கூடத்து கேட்டு ஓரமா கன்னியப்பன் நின்னுட்டு இருந்தான். பொண்ணு விளையாடறதைப் பாக்க சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கான், எனக்குத் தெரியாது. கத்துவான்னு நினைச்சேன், கத்தல. வந்து புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டான், அது கையில இருந்த கட்டையை வாங்கி என் கையில வெச்சான். "இதையும் வீடியோ புடிச்சு மேகலாவுக்கு அனுப்பும்மா, அடுத்த பேச்சுக்கு ஆவும்." அவ்வளவுதான் சொன்னான். முப்பது வருசத்துல அவன் என்னை எதிர்த்துச் சொன்னது அந்த ஒண்ணுதான்.

இன்னியோட இருபத்தோரு நாளாச்சு, புள்ளையை என் கண்ணுல காட்டல. தினமும் சாயங்காலம் வந்து என் மடியில உக்காந்துட்டு இருந்தது, உனக்குத் தெரியுமே. போன வாரம் ரேஷன் கடையில அவன் பெண்டாட்டி சுகுணாவைப் பாத்தேன். அத்த, லித்திகாவுக்குப் புதுசா பக்தி வந்திருக்கு, சிலேட்டுல ஒவ்வொரு நம்பர் எழுதினதும் புள்ளையாருக்குக் குட்டிக்கற மாதிரி தலையில குட்டிக்குதுன்னு சிரிச்சிட்டே சொன்னா. அவளுக்குக் கன்னியப்பன் எதையும் சொல்லல போல. எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. சரியா எழுதினாலும் குட்டிக்குதா, தப்பா எழுதினாதான் குட்டிக்குதான்னு கேட்டேன். எதுக்கும்தான், சத்தம் கேக்கற அளவுக்குங்கறா. அரிசியை வாங்காமலே வீட்டுக்கு வந்துட்டேன்.

நான் அவன் வீட்டு வாசப்படி மிதிச்சேன், கதவைத் தெறக்கல. இப்ப நீதான் பேசணும். என்னை எதுக்கும்மா இதுல இழுக்கறேன்னு கேக்காத. குட்டச் சொன்னது நான், குட்டினது நீ, என் கை அவன் தலையில ஒரு தடவை கூட பட்டதில்ல. நான் சின்னப்புள்ளம்மான்னு ஆரம்பிக்காத, அவனும் சின்னப்புள்ளதான். மேடையில என்னைத் தேவி மாதிரி உக்கார வெச்ச இல்ல, அதே வாயால அண்ணனுக்குப் போன் போட்டு மீதிப் பாதியைச் சொல்லு, எனக்கு ஞாபகம் வந்துடுச்சுடான்னு சொல்லு. ஞாபகம் வரலன்னாலும் வந்துடுச்சுன்னு சொல்லு. லித்திகாவை நீ வந்து பக்கத்துல உக்கார வெச்சு, உன் பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி சொல்லிக் குடு, இல்லன்னா அதுவும் ஒன்பதாவதோட நிக்கும்.

இன்னும் ஒண்ணு, இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வரிசையா ஏழு தடவை தப்பா எடுத்தான். ஏழாவது தடவை நீ விரல் முட்டி வலிக்குதுன்னு அழுத. உன்னை மடியில போட்டு விரலுக்குத் தேங்காண்ணெ தடவினேன். எண்ணெ பாட்டிலை உள்ள இருந்து எடுத்துட்டு வந்து குடுத்தது அவன்தான். மூடியைத் தெறந்து குடுத்துட்டு, பாப்பாவுக்கு ரொம்ப வலிக்குதாம்மான்னு கேட்டான். அவன் தலையை நான் தொட்டுக்கூட பாக்கல.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம, சீக்கிரமே உன் மடியிலயும் ஒரு புள்ளையோட நூறு வருசம் இருக்கணும்னு பள்ளிகொண்டா பெருமாளை வேண்டிக்கிறேன். டிசம்பர்ல வரும்போது லித்திகாவுக்குன்னு எண்ணு சொல்லிக் குடுக்கற பெட்டி, பொம்மை எல்லாம் தூக்கிட்டு வராத. போன் பண்ண மறந்துடாத. கன்னியப்பன் நம்பர் மாத்திட்டான், புது நம்பரை சுகுணாவைக் கேட்டு வாங்கிக்கோ, அவனைக் கேட்டா எண்ணை முன்ன பின்ன மாத்திச் சொல்லிடுவான்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ,
அம்பிகா