பதினாலாம் கூட்டின் தப்படி

மௌனாபோ,
அக்டோபர் 16

அன்புள்ள நெரெய்டாவுக்கு,

போன்சேக்குச் சரக்கு ஏற்றிப் போய்வருகிற சாகோவின் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புயல் போய் இருபத்தாறு நாள். இன்னும் போனும் இல்லை, கரண்டும் இல்லை. கடற்கரை ஓட்டலுக்கு மட்டும் மறுநாளே ஜெனரேட்டர் வந்துவிட்டது. நாங்கள் இருட்டில் கொசு அடிக்கிறோம், அவர்கள் நீச்சல் குளத்துக்கு விளக்குப் போடுகிறார்கள்.

உன் தங்கை வீட்டில் நலமா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் விஷயம் வேறு. ஓட்டலின் இடிந்த மதிலைப் பத்து மீட்டர் கடல் பக்கம் தள்ளிக் கட்டப் போகிறார்கள். சனிக்கிழமை மண்வாரி வருகிறது. முட்டை உயிரோடு இருக்கும் ஆமைக்கூடு ஒன்றைக் காட்டினால் நிறுத்துவதாக இயற்கைவளத் துறை அதிகாரி சொல்கிறார். கூடுகளுக்கு அடையாளமாக நாம் நட்ட குச்சிகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. மேட்டில் இருந்த பதினாலாம் கூடு ஒன்றுதான் தப்பியிருக்கும். உன் நோட்டில் ‘படகுத்துறைத் தூணிலிருந்து மதிலை நோக்கி நேராக 63 தப்படி’ என்று இருக்கிறது. நடந்து தோண்டினேன். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடைத்தது. ஆமைக்காவலுக்கு ஊரில் மிஞ்சிய மற்ற தொண்டர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு முறை நடந்தார்கள். மொத்தம் ஐந்து குழி. “ஆமை தேடுறீங்களா, கக்கூஸ் கட்டுறீங்களா?” என்கிறான் ஓட்டல் காவலாளி.

அது யாருடைய தப்படி?

உன்,
இலாரியோ


போன்சே,
அக்டோபர் 17

இலாரியோவுக்கு,

நோட்டு எழுதியவள் நான். அப்புறம் யாருடைய தப்படியாக இருக்கும்? அளவு நாடா தருகிறோம் என்று துறை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் காலால் அளந்தேன். உன் நீளக் காலுக்கு அறுபத்து மூன்று நடந்தால் ஓட்டல் சமையலறைக்குள் போய் நிற்பாய்.

நான் நலம். இங்கே கூரை இருக்கிறது. நம் வீட்டுத் தகரத்தை இறுக்கக் கட்ட வாங்கி வைத்த கயிற்றை, புயலுக்கு முந்தின மாலை ஆமைக்குச்சி கட்ட எடுத்துக்கொண்டு போனாயே! குச்சியும் போனது, கூரையும் போனது.

என் தப்படி நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி வைத்திருக்கிறேன். தங்கை தரையில் படுத்துக்கொண்டு அளந்தாள். இந்தக் கயிறாவது வீட்டுக்குத் திரும்பட்டும்.

நெரெய்டா


மௌனாபோ,
அக்டோபர் 19

அன்புள்ள நெரெய்டாவுக்கு,

கயிறு வந்தது. நீ ‘அன்புள்ள’ போடாததையும் கவனித்தேன்.

கயிற்றை அறுபத்து மூன்று முறை வைத்து அளந்து தோண்டினேன். ஓட்டலின் சாய்வு நாற்காலி வந்தது. கண்டபடி கிளறினால் முட்டை செத்துவிடும். அதிகாரியும் வந்திருந்தார். நமக்குத்தான் நாடா இல்லை. மதிலுக்கு இடம் அளக்க அவர் கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற புதுக் கருவி!

“தப்படியெல்லாம் ஒரு கணக்காய்யா? நாளைக்கு உன் பொண்டாட்டி முழம் போட்டான்னு வந்து நிப்பியா?”

“முழம் போட்டிருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்போம் சார். அவ கைதான் எப்பவும் ஒரே அளவு. எத்தனை தடவை வாங்கியிருக்கேன்.”

இடம் பார்க்க வந்திருந்த மண்வாரிக்காரன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை.

செப்டம்பர் 2ஆம் தேதி வைத்த முட்டை. இன்னும் பத்து நாளில் பொரிந்துவிடும். நூற்று நாற்பது குஞ்சுகளின் தலையில் கான்கிரீட் கொட்டப் போகிறார்கள். அன்று வேறு செருப்பு போட்டிருந்தாயா?

இலாரியோ


போன்சே,
அக்டோபர் 20

அன்புள்ள இலாரியோவுக்கு,

(பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். தங்கை வீட்டில் வேறு தாள் இல்லை.)

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. முந்தின நாள்தான் நீ ஏழு தொண்டர்களைச் சொல்லாமல் சாப்பிட அழைத்து வந்து, எனக்கு எடுத்து வைத்த நண்டையும் அவர்களுக்கே போட்டாய். மறுநாள் காலை அந்தக் கோபத்தோடு கூட்டை அளந்தேன். அன்று என் கால் எட்டி எட்டி விழுந்தது. கயிற்றில் இருப்பது சாதாரணத் தப்படி.

இங்கே கூடத்தில் நடந்து பார்த்தேன். கோபம் வருகிறது, ஆனால் அந்த நீளம் வரவில்லை. எதிரில் உன் முகம் வேண்டும்.

நாளை விடியற்காலை சாகோவின் வேனில் வருகிறேன். மதில் பக்கம் நில். நான் அறுபத்து மூன்றை முடிக்கும்வரை மன்னிப்புக் கேட்காதே, சிரிக்காதே, சாப்பிட்டாயா என்று கேட்காதே. நீ நல்லவனாகி என் தப்படி சுருங்கினால் அத்தனை குஞ்சுகளும் உன் பாவத்தில்.

நெரெய்டா


மௌனாபோ,
அக்டோபர் 22

அன்புள்ள நெரெய்டாவுக்கு,

நேற்று நீ முறைத்தபடி என்னை நோக்கி நடந்து வந்த வேகத்தில் அதிகாரியே வழிவிட்டார். முழங்கை ஆழத்தில் உன் கை முட்டையைத் தொட்டபோது, மண்வாரிக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தான். அவன் நம் ஊர்க்காரன். அவன் வீட்டுக்கும் கூரை இல்லை. குஞ்சுகள் போகும்வரை மதில் கிடையாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கட்டத்தான் செய்வார்கள். அப்போது வேறு சண்டை.

நீ சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. திறப்பதற்குள் உன் வேன் கிளம்பிவிட்டது. அதனால் எழுதுகிறேன்: கயிற்றுக்கும் மன்னிப்பு, நண்டுக்கும் மன்னிப்பு.

அரசாங்கத் தார்ப்பாய் வந்தபாடில்லை. மண்வாரிக்காரனும் நானும் காற்று கொண்டுபோன தகரங்களைப் பொறுக்கி வந்தோம். உன் கயிற்றால்தான் கூரையை அளந்தேன்: நீளம் ஒன்பது தப்படி, அகலம் ஏழு. சாகோ புதுக் கயிறு ஒரு சுருள் கொடுத்தான். முதலில் தகரத்தைக் கட்டினேன்.

மிஞ்சியதில்தான் பதினாலாம் கூட்டுக்குக் குச்சி.

உன்,
இலாரியோ