பதினோராவது லீவு

என் எஸ்தருக்கு,

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் இன்னும் உனக்கும் சேர்த்துத்தான் இடம் பிடிக்கிறேன். ஜன்னலோரம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. யாராவது வந்து "உக்காரலாங்களா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்து நகர்ந்து கொடுக்கிறேன். நீ போய் ஏழு மாதமாகிறது. பழக்கம் விடவில்லை, என்ன செய்ய?

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மீட்டிங் ரூமில், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் கொக்கிடம் இங்கிலீஷில் பேசினேன். சிரிக்காதே. நீ பேசும்போதெல்லாம் உன் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டிய அதே பூங்கொடிதான். நம் லைனில் இருக்கும் உங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவார்களா மாட்டார்களா என்பது அந்தப் பேச்சில்தான் இருந்தது. என்ன ஆயிற்று என்று முந்திக்கொண்டு கேட்காதே. உனக்கு எப்போதும் அவசரம். வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ தூத்துக்குடிப் பக்கத்து உப்பள ஊர்க்காரி. நான் பல்லடத்திலேயே பிறந்து பல்லடத்திலேயே வாக்கப்பட்டவள். ஒரே பனியன் கம்பெனி. நீ இரண்டாவது லைனுக்கு சூப்பர்வைசர், உன் லைன் முடிகிற இடத்தில் என் செக்கிங் டேபிள். நீ தைத்து அனுப்புவாய், நான் குறை சொல்லித் திருப்பி அனுப்புவேன். அப்படித்தானே நாம் சிநேகமானோம்?

ஆறு வருடத்துக்கு முன்னால் மேனேஜர் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "இனிமே துணி வாங்கற பையர் வந்தா ஃப்ளோர்ல இருக்கறவங்களே பேசோணுமுங்க. கொஞ்சம் இங்கிலீஷ் பழகிக்குங்க" என்றார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கே போய்ப் பழகுவது? நீதான் வழி கண்டுபிடித்தாய். பல்லடத்தில் பஸ் ஏறியதிலிருந்து அருள்புரத்தில் இறங்குகிற வரைக்கும் தமிழ் கூடாது. யார் வாயில் முதலில் தமிழ் வருகிறதோ, அவர் இரண்டு பேர் சாப்பாட்டுப் பையையும் கேட் வரைக்கும் தூக்க வேண்டும். அத்தனை நாளில் பாதிக்கு மேல் நான்தான் தூக்கினேன். உன் பையில் எப்போதும் மீன் குழம்பு. நான் கவிச்சி தொடாதவள் என்று தெரிந்தே என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவாய்.

கண்டக்டர் நம்மைக் கண்டாலே, "ஏனுங்க, லண்டனுக்கு ரெண்டுங்களா?" என்பார். அவர்தான் போன மாதம் டிக்கெட் கொடுக்கும்போது, "இன்னொருத்தவங்களைக் காணமுங்களே, ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். இங்கிலீஷில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது போனில் ஒரு பாடம் வைத்துப் பழகுகிறேன். காதில் மாட்டிக்கொண்டால் ஒரு பெண் குரல் கேள்வி கேட்கிறது. தப்பாகப் பேசினால் உடனே திருத்துகிறது, கோபப்படுவதும் இல்லை. ஆனால் எஸ்தர், அது சிரிக்கவே மாட்டேன் என்கிறது. நாம் பேசின இங்கிலீஷைக் கேட்டு முன்சீட்டுக் காலேஜ் பிள்ளைகள் தோள் குலுங்கச் சிரிப்பார்களே, அந்த வெட்கத்தில்தான் எனக்குப் பாதி ஏறியது போலிருக்கிறது.

கொக்கு யாரென்று சொல்ல மறந்துவிட்டேன். பையர் ஆபீசிலிருந்து வருடத்துக்கு மூன்று தடவை வருகிற வெள்ளைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தை நீட்டி ஒவ்வொரு மெஷினாகப் பார்ப்பார். பெயர் வைத்தது நீ. கெட்ட மனிதர் இல்லை. கேட்டதற்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே டிசம்பர் ஆரம்பத்தில், அவர் உன்னிடம் கேட்டார். முப்பதாம் தேதி போக வேண்டிய ஆர்டர் இருபத்திநாலாம் தேதிக்கே முடியுமா என்று கேட்டார். அவர் ஊருக்கு லீவில் போவதற்குள் லாரி கிளம்ப வேண்டுமாம். உனக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது. முடியாது என்பதும் தெரியும். உன்னையும் சேர்த்துப் பதினோரு பேர் ஊருக்குப் போக பஸ்ஸுக்குப் பதிந்து வைத்திருந்தீர்கள். ஆனாலும் நீ சொன்னது, "எஸ் சார், நோ ப்ராப்ளம் சார்."

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாய். "ஏட்டி, முடியாதுன்னு எனக்குத் தெரியும்லா. வாயத் தொறந்தா அதுதான் வருது. வேற ஒண்ணும் வர மாட்டேங்கு" என்றாய். பையை நான்தான் தூக்கினேன், விதியெல்லாம் யார் பார்த்தது?

பிறகு இங்கிலீஷ் எழுதி வைத்திருந்த நம் சிவப்பு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? நாம் இங்கிலீஷ் படித்ததே கம்பெனிக்கு வரும் விருந்தாளிகளிடம் பேச ஆபீசில் எழுதிக் கொடுத்த பதில்களிலும், ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பையன்கள் அனுப்பும் மெயில்களிலும்தான். எஸ் சார். வெரி குட் சார். சாரி ஃபார் தி டிலே. வில் டூ. நோட்டு முழுக்க அதுதான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு 'முடியாது' கூட இல்லை. நமக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பதினோரு பேரும் மெஷினில் இருந்தீர்கள். யாரும் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ரோசரி மட்டும், "விடுங்கக்கா, அடுத்த வருசம் போனாப் போச்சு" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட உனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஊரில் உன் மகள் ஜெனி புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு, அவள் அப்பாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாளாம். நீ வரவில்லை என்று சொன்ன பிறகும் நின்றாளாம். அடுத்த வருடம் நீ ஊரில்தான் இருந்தாய், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில். நீ கைகால் நன்றாக இருந்த கடைசிக் கிறிஸ்துமஸை அந்த ஒரு 'எஸ்' தின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை எஸ்தர். உன் மேல் கோபம் இல்லை. பக்கத்திலேயே நின்று தலையாட்டினேனே, என் மேல்தான்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் பாடம் மாறியது. நீ கொக்காகி, கழுத்தை நீட்டிக்கொண்டு தேதி கேட்பாய். நான் முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரு தடவையாவது சொன்னேனா? "வி வில் சீ சார்" என்பேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "உங்க ஊர்ல முடியாதுன்னு தமிழ்லயே சொல்ல மாட்டேங்கியளே, இங்கிலீஷ்ல எங்கெருந்து வரும்?" என்பாய்.

நீ சொன்னது நிஜம். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வந்தவர்களிடம் "பாக்கலாமுங்க" என்றால், அவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். அதுதான் எங்கள் முடியாது. வாயில் 'இல்லை' வருவதற்குள் 'ங்க' வந்து நின்றுகொள்ளும்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ போன பிறகு உன் லைனையும் என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். கொக்கு வந்திருந்தார். குழந்தைகள் பனியன், மூன்று கலர். சுவரில் பெரிய ஸ்கிரீனில் தேதிப் பட்டியல். முப்பது என்று போட்டிருந்த இடத்தைக் காட்டி, "ட்வென்டி ஃபோர்த், பாசிபிள்?" என்றார். அதே கேள்வி, அதே நாற்காலி.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? முகத்தை மரியாதையாக வைத்துக்கொண்டு, "வி வில் சீ சார்" என்றேன். போச்சா!

கேட்டதும் முதலாளி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர், நான் முடியாது என்றுவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜருக்கும் புரிந்துவிட்டது. கொக்கு மட்டும் "கிரேட்!" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் தட்டினார். சுவரில் முப்பது போய் இருபத்திநாலு வந்தது. பச்சைக் கலரில்.

அந்தப் பச்சையைப் பார்த்தபோது பஸ் ஸ்டாப்பில் நின்ற ஜெனிதான் நினைவுக்கு வந்தாள். எழுந்து நின்றுவிட்டேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "சார். நோ. நாட் பாசிபிள் ட்வென்டி ஃபோர்" என்றேன். முதலாளி தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படிக்க ஆரம்பித்தார்.

"ஒய்?" என்றார் கொக்கு. "லேடீஸ் கோயிங் ஹோம் சார். கிறிஸ்துமஸ். யூ ஆல்ஸோ கோயிங் ஹோம்" என்றேன். எத்தனை தப்பு என்று நீ விரல் விட்டு எண்ணுவாய், தெரியும். எண்ணிக்கொள். அவருக்குப் புரிந்தது. பிறகு, எத்தனை பேர் என்று கேட்டார்.

பத்து என்று சொல்லத்தான் போனேன். அந்தப் பதினோரு பேரில் இப்போது நீ மட்டும்தான் இல்லை, மற்றவர்கள் எல்லோரும் இன்னும் லைனில்தான் இருக்கிறார்கள். ஆனால் பயத்தில் நம்பர் வரவில்லை, பெயரைச் சொல்லி விரலை மடக்கினேன். எஸ்தர், ரோசரி, ஜெபமணி, அந்தோணியம்மா என்று ஆரம்பித்து முடித்தபோது பதினொன்று வந்தது. உன் பெயரைத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். எனக்கே அப்புறம்தான் உறைத்தது. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார், திருத்தவில்லை. முதலாளியும் திருத்தவில்லை. கொக்கு 'லெவன்' என்று தட்டிக்கொண்டார்.

"ஓகே. தென் வாட் இஸ் பாசிபிள்?" என்றார். அடிப்பாவி, இந்தக் கேள்வியை நீ பஸ்ஸில் ஒரு நாளும் கேட்கவில்லையே! முடியாது என்று சொன்னால் கதை முடிந்தது என்றுதான் நாம் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். இரண்டு கலர் இருபத்தொன்றாம் தேதி, மூன்றாவது கலர் ஜனவரி மூன்று என்றேன். வாய் கோணியது, ஆனால் கணக்கு சரி, அது என் டேபிள் வேலை. அவர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. ஆபீசில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சரியென்று மெயில் வந்தது. அதற்காக மற்ற லைன்களும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறோம். சும்மா எதுவும் வரவில்லை.

மெயில் வந்த அன்றைக்கு முதலாளி என் டேபிள் பக்கம் வந்தார். "ஏங்கண்ணு, நீ பாக்கலாமுங்கன்னு சொன்னதே எனக்குப் போதுமா இருந்துச்சு. அந்தாளுக்குப் பத்தலையாட்டிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

வியாழக்கிழமை மேனேஜர் லீவுப் பட்டியலோடு வந்தார். பதினோரு பெயர். முதல் பெயர் நீ. "ஏனுங்க பூங்கொடி, எஸ்தர் பேரும் வந்திருக்குதுங்களே" என்றார். தப்பாயிருச்சுங்க என்று சொல்லி அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தேன். அடிக்கக் கை வரவில்லை. அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இருக்கட்டுமுங்க. பையருக்குப் பதினொண்ணுன்னே போயிருச்சு. இனி மாத்துனா அதுக்கொரு கேள்வி வரும். அந்த லீவுல நீங்க போயிட்டு வந்துருங்க" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேறெங்கே அழ முடியும், ஃப்ளோரில் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஆகவே வருகிறேன் எஸ்தர். இருபத்திரண்டாம் தேதி உன் பத்துப் பேரோடு, உன் லீவில், உன் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். இத்தனை வருடம் கூப்பிட்டபோதெல்லாம் "பாக்கலாமுங்க" என்று சொல்லியே ஏமாற்றினேன், இந்தத் தடவை அப்படி இல்லை. கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு வருவேன். சிவப்பு நோட்டையும் கொண்டு வருகிறேன், அதன் கடைசிப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை சொன்ன 'நோ'வை எழுதி வைத்திருக்கிறேன். ஜெனியைப் பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொல்லி அவள் அப்பாவுக்குப் போன் செய்தாயிற்று. அங்கிருந்து வீடு வரைக்கும் இங்கிலீஷ்தான் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஸ்கூலில் படிக்கிற பிள்ளை, தோற்கப்போவது நான்தான். பையை நானே தூக்குகிறேன்.

உன் ஜெனிக்குப் பெரியம்மா,
பூங்கொடி