எந்தப் பேரைக் கூப்பிட்டாலும்

மார்ச் 4, திங்கள்

விசாவுக்குக் கைரேகை பதியும் ரேகை மையத்தில் நாலு மணி நேரம். இடுப்பு விட்டுப்போச்சு. கம்பெனியில் அறுபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் விசா எடுப்பது, புதுப்பிப்பது, ரத்து செய்வது எல்லாம் என் தலையில். ஆட்களுக்கு நான் 'விசா அண்ணன்'. வீட்டில் 'வரிசை மகாராஜா'.

இன்றைக்கு இரண்டே பேர்தான். வெல்டர் ஒருத்தன், இன்னொருத்தன் நானே. என் விசாவும் முப்பத்தொண்ணாம் தேதியோடு முடிகிறது. வெல்டர் வரவே இல்லை. தங்குமிடப் பொறுப்பாளருக்குப் போன் போட்டால், "இன்னும் இழுத்துப் போத்திட்டுத் தூங்குறான் அண்ணே, எழுப்பவா?" என்கிறான். எனக்கு எரிச்சல். "தூங்கட்டும் விடு. பெரிய துரைக்கு வேற நாள் வாங்கிக்கிறேன்" என்றேன். என் பத்து விரலையும் வைத்து முடித்துவிட்டு வந்தேன். ஒரு தொல்லை தீர்ந்தது.

மார்ச் 5

நேத்து அவன் தூங்கலை.

நேத்து ராத்திரி போர்வையை விலக்கியபோதுதான் தெரிந்ததாம். மாரடைப்பு. நேத்து விடியற்காலை ஐந்து மணிக்கே போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். முப்பத்தாறு வயசு. 'துரை' என்று சொன்ன என் நாக்கை என்ன செய்ய.

அவன் மனைவிக்கு நான்தான் பேச வேண்டியதாயிற்று. விஷயத்தைச் சொன்னேன். அப்புறம், "எப்ப அனுப்புவீங்க அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு வாரத்துல அனுப்பிடுறேம்மா" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

அவன் போன் இப்போது என் மேஜை இழுப்பறையில். அவன் விசாவை ரத்து செய்வதற்கான ரகசிய எண் அதற்குத்தான் வரும், அதனால் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 7

விசா ரத்தானால்தான் பிணவறையில் உடலைக் கொடுப்பார்கள். இறப்புச் சான்றிதழோடு விசா அலுவலகத்துக்குப் போனேன். பத்து நிமிஷ வேலை. கவுன்ட்டர் அம்மா கணினியைப் பார்த்தாள், சான்றிதழைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"இவர் காலையில அஞ்சு மணிக்கு இறந்ததா போட்டிருக்கு. ஆனா அன்னைக்குப் பகல்ல வந்து ரேகை கொடுத்திருக்காரே?"

தப்பாக இருக்கும், இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பத்து விரலும் வரிசையாக இருந்தது. ரத்து செய்ய முடியாது என்றுவிட்டாள்.

நான் அன்றைக்கு அங்கேதானே இருந்தேன். அதே கூடத்தில், முதல் வரிசையில். அவன் வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேனா?

மார்ச் 8

மேஜையில் தலை கவிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். இழுப்பறை உறுமியது. அவன் போன். 'ரேகைப் பதிவு செய்தமைக்கு நன்றி. உங்கள் விசா அட்டை தயாராகிறது.'

கணக்குப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருங்க?" யாருமில்லை என்றேன்.

மார்ச் 9

தங்குமிடத்துக்குப் போய் அவன் சாமான்களைப் பெட்டியில் கட்டினேன். அறைக்காரன் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று நின்றான். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆணியில் நீலச் சட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல்.

"ரேகை வைக்கப் போகணும்னு முந்தின நாளே தேய்ச்சு மாட்டினான் அண்ணே. மாட்டின இடத்துலயே இருக்கு."

அப்புறம் குரலை இறக்கி, "கணினியில அவன் போய்ட்டு வந்ததா இருக்காமே, நெசமா?" என்றான்.

யார் இவன்களுக்கெல்லாம் சொல்வது! அதட்டிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது எனக்கும் முதுகு சில்லென்றுதான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 11

அய்யோ. அய்யோ. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

என் அட்டை வந்ததா என்று பார்த்தேன். 'ரேகை பாக்கி' என்று காட்டியது. வைத்தேனே! ரேகை மையத்துக்கு ஓடி, வாசலில் இருக்கும் இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. 'வருக' என்று வந்தது. அதன் கீழே என் படம் இல்லை. வெல்டரின் படம். எப்போதும் போல லேசாக வாயைத் திறந்துகொண்டு.

துடைத்துவிட்டு வைத்தேன். அவன்தான். இடது கை. அவன்தான்.

உட்கார்ந்து யோசித்தபிறகு புத்தியில் உறைத்தது. பதினாலு வருஷமாக அந்தக் கூடத்தில் எங்கள் கம்பெனி ஆள் எவன் பேரைக் கூப்பிட்டாலும் எழுந்து போகிறவன் நான். அன்றைக்கு அவன் பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எழுந்திருக்கிறேன். பழகிய முகம் என்று கவுன்ட்டரில் இருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரலை வை என்றாள். வைத்தேன்.

பேய் கீய் எதுவும் வரவில்லை. நான்தான் போயிருக்கிறேன்.

மார்ச் 12

உள்ளே தெரிந்த எழுத்தரிடம், யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். திருத்த மனு போட்டால் விசாரணை, ஐந்து மாதம். அதுவரை உடலைக் கொடுக்க மாட்டார்கள். சீக்கிரம் முடிய ஒரே வழி, விசாக்காரரே வந்து இயந்திரத்தில் ரேகை வைத்து, ஊருக்குப் போகிறேன் என்று ரத்து செய்வது.

"ரத்தானப்புறம் அந்த ரேகை?"

"போனவர் ரேகை. வேற பேர்ல திரும்பப் பதிய முடியாது."

என் விசா முடிய பத்தொன்பது நாள். மனைவி, மகள் இரண்டு பேர் விசாவும் என்னுடையதில்தான் தொங்குகிறது. மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிழிகிழி என்று கிழிப்பாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு மறுபடி கூப்பிட்டாளா?" என்றாள்.

"தினமும்."

"அப்ப விரலை வச்சிட்டு வாங்க. நம்ம பாட்டை அப்புறம் பாத்துக்கலாம். நாம உயிரோடதானே இருக்கோம்."

மார்ச் 13

காலை ஒன்பதரை. இயந்திரம் கேட்டது: 'இது நீங்கள்தானா?'

அவன் படம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர் செருமினார். 'ஆம்' என்பதைத் தொட்டேன். பையில் அவன் போன் நடுங்கியது. எண் வந்தது, போட்டேன்.

'பயணம் இனிதாகுக.'

கை கழுவும் இடத்தில் ரொம்ப நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 16

அவனை அனுப்பியாச்சு. சவப்பெட்டிக்குள் நீலச் சட்டையையும் வைத்தேன்.

மார்ச் 18

அவன் மனைவி பேசினாள். "வந்துட்டாரு அண்ணா. முகம் பாத்தோம்." அழுதாள். நானும்தான். போனை வைக்கும்போது, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

மார்ச் 22

அலுவலகக் கதவும் என் ரேகைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. அரசாங்கப் பதிவோடு இணைத்திருக்கிறார்களாம். யாராவது உள்ளே போகும்போது பின்னாலேயே நுழைகிறேன். வங்கியில் விரலை வைத்தால், 'இந்த நபர் நாட்டில் இல்லை.' மகள், "அப்பா, அப்ப நீ எங்க இருக்க?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 28, வியாழன்

விசாரணை அலுவலகம். நானே தட்டச்சு செய்த மனு: 'நான் இங்கேயே இருக்கிறேன். போனவர் நான் அல்ல.' இந்த மாதிரி எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! வெல்டர் பேரையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது; என் பேரைப் போட்டபோது மட்டும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். மனைவியும் மகளும் பக்கத்தில். மூன்று நாள்தான் மீதி.

வாசலில் எழுத்தர் பட்டியலோடு வந்து ஒரு பேரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். எவன் அது, கூப்பிடுவது காதில் விழவில்லையா என்று நானும் சுற்றிப் பார்த்தேன். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

அடுத்த பேரைக் கூப்பிட்டார். சட்டென்று எழுந்து போய் நின்றேன்.

"அப்பா," என்று மகள் பின்னால் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "முதல்ல கூப்பிட்டதுதானே உன் பேரு?"

எழுத்தர் அதற்குள் எழுதி முடித்துவிட்டார். பட்டியலில் வெல்டர் பேருக்கு நேரே, 'வந்தார்'. என் பேருக்கு நேரே, 'வரவில்லை'.