நாற்பது நம்பரும் கேட்டுக்கு வெளியே பதினொரு பேரும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவும் தம்பியும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதை எழுது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஒரு மாதமாகக் கொதிக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், அம்மா சிக்னல் சரியில்லை ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். காகிதம் பேச்சை நடுவில் அறுக்காது. கோபம் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படி.

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் போன வருஷம் புது ஏற்பாடு வந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா. பெரிய டாக்டர் புதன்கிழமை ஒரு நாள்தான் வருகிறார், மற்ற நாளெல்லாம் நர்ஸ் சொட்டு மருந்து விடுவதோடு சரி. முன்பெல்லாம் விடியும்போதே ஜனம் வந்து கூடத்தில் உட்காரும், நான் ஜன்னலைத் திறந்து வந்த வரிசையில் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அதை எடுத்துவிட்டார்கள். இனிமேல் போனில்தான் பதிய வேண்டும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும், நாற்பது நம்பர், அவ்வளவுதான். தொடக்க விழாவில் ஒரு அதிகாரி வந்து, இனி யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று பேசினார், நானும் கை தட்டினேன். உனக்கு அதைச் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டு, உலகம் முழுக்க வருஷத்துக்கு வருஷம் எத்தனை பேர் இணையத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று கலர் கலராக ஒரு படம் அனுப்பினாய், கோடு மலை ஏறுவதுபோல் ஏறியிருந்தது. அதை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் காட்டினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

எட்டு மணிக்குத் திறக்கிற நம்பர் எட்டு மூன்றுக்குத் தீர்ந்துவிடும். யார் எடுக்கிறார்கள் தெரியுமா? இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற நகரத்துக்காரர்கள். அங்கே போன் வேகம், விரலும் வேகம். புதன்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கார்கள் ஒன்றுகூட இந்த ஊர்க் கார் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள். நம்பர் இல்லாமல் உள்ளே விட்டால் வேலை போய்விடும் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், பாவம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். நான் ஜன்னலில் இருந்தபடியே, போனில் போடுங்கள் போனில் போடுங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது உன் அம்மாதான், வேறு யாரோ இல்லை.

அப்படி நின்றவர்களில் நம் தையல் அண்ணனும் ஒருவர். பக்கத்துத் தெரு முனையில் கடை வைத்திருப்பவர், உன் பள்ளிக்கூடச் சீருடை முதல் கல்யாண ரவிக்கை வரை தைத்தவர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இடது பக்கம் சரியாகத் தெரியவில்லை, விளக்கைப் பார்த்தால் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று அண்ணி வந்து சொன்னாள். கதவு நிலையில் போய் இடித்துக்கொள்கிறாராம், ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாராம். நான் என்ன சொன்னேன்? போனில் போடுங்கள் என்றேன். அவர்கள் வீட்டில் இருப்பது பட்டன் போன். மாடி வீட்டுப் பெண்ணிடம் போனைக் கடன் கேட்டு ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்தார்கள், அந்த நம்பரில் ஏற்கெனவே ஒரு ஆள் பதிந்தாயிற்று, இன்னொரு ஆள் பதிய முடியாது என்றது. அடுத்த வாரம் வேறொருவர் போன். அதில் நான் இயந்திரம் அல்ல, மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒன்பது கட்டத்தில் படம் வந்ததாம், அதில் பஸ் இருக்கிற கட்டத்தையெல்லாம் தொட வேண்டுமாம். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம், பார்வை மங்குகிறது என்று வருகிறவனிடம், படத்தைப் பார்த்துப் பொறுக்கச் சொல்கிறது. எவன் இதை யோசித்தானோ, அவனை என் ஜன்னலில் ஒரு புதன்கிழமை உட்கார வைக்க வேண்டும். அண்ணியும் அண்ணனுமாகத் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பஸ்ஸைத் தேடி முடிக்கும்போது நாற்பதும் தீர்ந்துவிட்டது. இப்படி ஏழு திங்கட்கிழமை. ஒவ்வொரு புதனும் யாராவது இரக்கப்பட்டு உள்ளே விடமாட்டார்களா என்று வந்து கேட்டில் நிற்பார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குக் கண்ணில் நீர் வடிகிறது என்று நான் வாய் தவறிச் சொன்னேன். நீ அங்கிருந்தே, இத்தனை கடல் தாண்டி, உன் மேஜையில் உட்கார்ந்து நம்பர் போட்டுவிட்டாய். ஏழாம் நம்பர். எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு எனக்குச் செய்தி வந்துவிட்டது, கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று. மகள் இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். புதன்கிழமை உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அது தையல் அண்ணன் தைத்த சட்டைதான். விடியற்காலை முதல் கேட்டில் நின்றவர், உன் அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டு, அப்பாவை உள்ளே கூட்டிப்போகக் கேட்டுக்கு வந்த என்னிடம் கேட்டார்:

"வீட்டுக்காரருக்கு நம்பர் கிடைச்சிருச்சா தங்கச்சி? நல்லது, நல்லது. கண்ணை அலட்சியமா விடக்கூடாது."

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உன் அப்பா உள்ளே போய்ப் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார், தூசிதான், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், அந்த மனுஷன் எத்தனை வாரமாக நிற்கிறார், உள்ளே வேலை பார்க்கிற உனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அதற்கு அடுத்த புதன் நடந்ததைக் கேள். பதிந்த நாற்பது பேரில் ஆறு பேர் வரவேயில்லை. வேறு வேலை வந்திருக்கும், மறந்திருப்பார்கள், போகிற போக்கில் போட்டுவைத்த நம்பர்தானே. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் யாராவது உண்டா என்று கேட்டார், கம்ப்யூட்டர் இல்லை என்றது, நானும் இல்லை சார் என்றேன். பையை மூடிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார். அவர் கார் கேட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் ஜனம் ஒதுங்கி வழி விட்டது. பதினொரு பேர், ஒருவர் விடாமல் எண்ணினேன்.

மறு புதன்கிழமை காலையில் அலமாரியிலிருந்து பழைய நீள நோட்டை எடுத்துக்கொண்டு நானே கேட்டுக்குப் போனேன். வந்த வரிசையில் பேர், வயது, என்ன கோளாறு என்று எழுதினேன். அன்றும் பதினொரு பேர்தான். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவர் டீ குடிக்கப் போய்விட்டார். எல்லோரையும் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நோட்டை டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அத்தனை பேரையும் பார்த்தார். தையல் அண்ணன் முறை வந்தபோது நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கண்ணில் அழுத்தம் ஏறி உள்ளே நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பிறகு டாக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார்:

"ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணும் பெரியவரே."

அண்ணன் தலையை ஆட்டினார், தப்பு அவருடையது என்பதுபோல. எனக்குத் தாங்கவில்லை.

"வந்தாரு சார். ஏழு வாரமா வந்தாரு. கேட்டுக்கு வெளியில நின்னாரு. உள்ள விடாதது நாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

இரண்டு நாளில் எனக்கு மெமோ வந்தது, முன்பதிவு இல்லாத நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பியதற்கு விளக்கம் தரவும் என்று. கண்காணிப்பாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காலம் மாறிவிட்டது, நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் போன் வந்துவிட்டது, நீங்கள் இன்னும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்களே என்றார்.

"மிச்சம் பத்துப் பேரும் நம்ம கேட்லதான் சார் நிக்கிறாங்க" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. என்னைச் சீட்டு ஜன்னலிலிருந்து எடுத்து, பின்கட்டில் பழைய கோப்பு அடுக்குகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது, தூசி, தும்மல். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, இருக்கட்டும், தும்மிக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் டாக்டர் ஒரு காரியம் செய்தார். நாற்பதில் பத்தை நேரில் வருகிறவர்களுக்கு ஒதுக்காவிட்டால் இனி இங்கே வருவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். மூன்று மாதம் சோதனைக்கு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பேருக்குச் சோதனையாம், போனில் வருகிற முப்பது பேருக்கு எவனும் சோதனை வைக்கவில்லை. வேலை நேரம் தொடங்குமுன் புதன்கிழமைதோறும் நான் கேட்டில் நின்று பேர் எழுதுகிறேன், வேலை நேரத்துக்கு முன்னால் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்க மெமோ இல்லை.

தையல் அண்ணன் இப்போது தலையணை உறை, திரைச்சீலை என்று நேர் தையல் மட்டும் தைக்கிறார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அண்ணி. அளவு எடுத்துத் தைக்கிற துணியெல்லாம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுகிறார். என்னைக் கண்டால் இன்னும் அதே தங்கச்சிதான், உன்னையும் விசாரிக்கிறார், பெரியவள் எப்படி இருக்கிறாள், கெட்டிக்காரப் பெண் என்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு வருகிறேன்.

நீ அப்பாவுக்கு நம்பர் போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. பெற்றவருக்குப் பிள்ளை செய்கிறதுதான். ஆனால் எட்டு மணிக்கு நீ விரலை வைத்த அந்த நிமிஷத்தில், அதே நம்பருக்காக இங்கே இரண்டு பேர் ஒன்பது கட்டத்தில் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீயும் இப்படிப் போனில் பதிகிற ஏற்பாடுகளைச் செய்கிற வேலையில்தான் இருக்கிறாய். உங்கள் கூட்டங்களில் இத்தனை பேர் இணையத்துக்கு வந்துவிட்டார்கள் என்று அடுத்த தடவை யாராவது படம் காட்டினால், வராதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எழுந்து கேள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதே, மிஞ்சிப்போனால் கோப்பு அறைக்கு மாற்றுவார்கள்.

மறக்காமல் ஒன்று. ஒன்றுமில்லை என்றாலும் எதற்கும் அப்பாவை மூன்று மாதம் கழித்து ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நீ பதியாதே. அவர் கேட்டில் வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டார். அவர் பேரையும் வந்த வரிசையில்தான் எழுதுவேன், பதினொன்றாவதாக வந்தால் அடுத்த புதன் வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நல்ல மனசுமாக இருக்க வேண்டும். திட்டியதெல்லாம் திட்டியதுதான், வாபஸ் இல்லை, ஆசீர்வாதமும் அப்படியே.

பதில் காகிதத்தில் எழுது.

உன்னைப் பெற்ற,
அம்மா