சின்னவளின் ஸ்பானிஷ் பரீட்சையும் என் வாயும்

மார்ச் 4
பெரிய பேரன் பாலம் கட்டுகிற இன்ஜினியர். அவன் தம்பிக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கியவன் அரைக் கை நீளம்தான் முன்னால். மகள் வயிற்றுப் பேத்தி பல் டாக்டர். இனி மகன் வீட்டுச் சின்னவள்தான் பாக்கி. ஸ்பானிஷ் தேறிவிட்டால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உறுதி. வெள்ளிக்கிழமை வாய்மொழிப் பரீட்சை, வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில்.

மார்ச் 5
"முடிந்தால் பேசுவேன்" என்று சொல்ல அந்தப் பாஷையில் வினைச்சொல்லுக்கே ஒரு வால் ஒட்ட வேண்டுமாம். ஆப்லரீயா, ஆப்லரீயாஸ், ஆப்லரீயாமோஸ்... சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து ஒப்பிக்கிறாள். கேட்டுக் கேட்டு எனக்கே வந்துவிட்டது. 'சாப்பிடு'வுக்கு நானே வால் ஒட்டிக் காட்டினேன், "கொமெரீயா!"
"பாட்டி, பேசாம நீயே போய் எழுதிடேன்!"
மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருப்பேனா?

மார்ச் 6
சின்னவள் சரியாகச் சாப்பிடவில்லை. நகத்தைக் கடிக்கிறாள். வால் ஒட்டினால் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டு முரண்டு பிடிக்கும் வினைகளும் உண்டாம், அதுதான் பயமாம்.
"வேற குரல் கேட்டா பரீட்சைய ரத்து பண்ணிடுவாங்க. புரியுதா பாட்டி?"
நான் என்ன பச்சைக் குழந்தையா?

மார்ச் 7
பாவி நான்.
கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். மூச்சுகூட விடவில்லை. பரீட்சைக்காரி 'செய்' என்கிற வினையைக் கேட்டாள். இவள் பேசவில்லை. பேசவே இல்லை. மறந்து போச்சா புள்ளைக்கு? "ஆசெரீயா!" — என் வாய்தான். என்னை மீறி.
கம்ப்யூட்டரில் சத்தம் நின்றது.
வெளியே வந்தாள். "யோசிச்சிட்டுதான் இருந்தேன். அது ஆரீயா. நீ சொன்னது தப்பு வேற, பாட்டி."
கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 8
சின்னவள் என் கையால் காப்பிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

மார்ச் 11
இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாமாம், பரீட்சை மையத்துக்கே போய். அதற்கு மகன் எத்தனை போன் போட்டானோ. "அம்மா, இனிமே உன் உதவியெல்லாம் மனசுக்குள்ளயே இருக்கட்டும்" என்றான்.
"பேத்தி பாஸா?" என்று தையல்காரம்மா படியிலேயே மடக்கினாள். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 20
மறுபரீட்சைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவள் கேட்டாள். "நீயும் வர்றியா?"
"வேணாம்மா. என் வாய நானே நம்ப மாட்டேன்."
சிரித்துவிட்டாள். போய்விட்டு வா என் தங்கமே.

ஜூன் 15
சின்னவளிடமிருந்து வெளிநாட்டு போன். அங்கே அவளுக்கு ராத்திரி வேலை முடிந்து காலை. பேசிக்கொண்டிருந்தபோதே யாரோ கூப்பிட, அந்தப் பாஷையில் கடகடவென்று பதில் சொன்னாள். அவள் திரும்பி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.
அப்புறம் கேட்டேன். "நர்ஸ் உடுப்புல ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்புடி. போன்ல வர்றத எப்படிச் சுவத்துல மாட்டறது? இங்க மாட்டியிருக்கற போட்டோல நீ இன்னும் ரெட்டைச் சடையோட நிக்கற."